வரக் கூடாத பெயர்

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் நான் சமையலறையில் நிற்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. வழிந்தது வழிந்ததுதான், பிறகு துடைத்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பெயரை எடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் எடுத்துக் கொடுங்கள் என்று காலையிலேயே நஸ்ரின் போன் செய்துவிட்டது. நஸ்ரின் எங்கள் கம்பெனியில் எனக்கு மேலே இருக்கும் பெண், வயதில் ரொம்பச் சின்னது, அதட்டிப் பேசத் தெரியாது, அதனாலேயே அது சொன்னால் தட்ட முடியாது. “சார், ஈங்கூர்ல புதுசா போட்ட எடைமேடையில இருந்து ஒரு சீட்டுகூட உள்ள வரலை சார். லாரிக்காரங்க மெயின் ரோடு வரைக்கும் நிக்கறாங்க. அந்த மயிலாத்தாவை இன்னிக்கு எடுத்துடுங்க சார், ப்ளீஸ்.” சரிங்க அம்மணி என்றேன். வேறு என்ன சொல்வது. அந்த மயிலாத்தாவை எடுத்துடுங்க. எடுத்துவிடலாம், ஒரு வரி போதும், போன வாரமே எந்த இடத்தில் எந்த வரி என்று தெரிந்துவிட்டது, தெரிந்தும் நான் தொடவில்லை, திங்கட்கிழமை கண் எரிகிறது என்று சொன்னேன், நேற்று கரண்ட் இல்லை என்று சொன்னேன், கரண்ட் இருந்தது. பால் அடுப்பின் மேல் காய்ந்து பழுப்பாகிக்கொண்டிருக்கிறது, என் வீட்டுக்காரி இருந்தால் இந்நேரம் ஈரத் துணியைப் போட்டிருப்பாள், பால் காய்ந்தால் கல்லு மாதிரி பிடிச்சுக்கும் என்பாள். ஈரத் துணியைத் தேடினேன், கிடைக்கவில்லை, பிறகு பார்த்தால் தோளில்தான் கிடந்தது.

விஷயம் சின்னதுதான், யாருக்குச் சொன்னாலும் புரியும். லாரி மேடைமேல் ஏறி நிற்கிறது, எடை வருகிறது, வண்டி நம்பர், சரக்கு, எடை எல்லாம் ஒரு சீட்டாக அச்சாகிறது, அதே சீட்டு கம்பி வழியாகக் கோயமுத்தூரில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கும் போகிறது. வந்த சீட்டில் எது எது இருக்கும், எதற்கு என்ன பெயர் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்துக்கு ஸ்கீமா என்று பெயர். அதை நாங்கள் கையால் எழுதுவதில்லை. எங்கள் புரோகிராமைப் படித்துப் பார்த்து அதைத் தானாகவே செய்துகொடுக்கிற ஒரு கருவி இருக்கிறது, எங்கோ வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தது. அது பெயரை எங்கிருந்து எடுக்கிறதென்றால், ஃபைல் இருக்கிற இடத்தின் முகவரியிலிருந்து. கம்ப்யூட்டருக்குள் முகவரி என்பது வீட்டு முகவரி போலத்தான், டிரைவ், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், கடைசியில் ஃபைல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாய்வுக்கோடு. கருவி அந்தக் கோடுகளில் வெட்டி, கடைசித் துண்டை மட்டும் பெயராக வைத்துக்கொள்ளும். எழுதியவர் வைத்திருந்த மெஷினில் கோடு வலப்பக்கம் சாயும். என் மெஷின் விண்டோஸ், அதில் கோடு இடப்பக்கம் சாயும். கருவி வலப்பக்கம் சாய்ந்த கோட்டைத் தேடுகிறது, ஒன்றுகூட இல்லை, வெட்ட இடமில்லை, சரி என்று முழு முகவரியையும் பெயராக எடுத்துக்கொள்கிறது. மற்ற மெஷின்களில் வெறும் எடைச்சீட்டு என்று வர வேண்டியது, என் வீட்டு மெஷினில் மட்டும் ‘சி யூசர்ஸ் மயிலாத்தாள் எடைச்சீட்டு’ என்று வந்தது. ஆரம்பத்திலிருந்து எல்லா ஸ்கீமாவும் நான் இந்த மெஷினில் செய்து அனுப்பியதுதான், அதனால் எல்லா மேடையும் அதையே சொன்னது, பெரிய கம்ப்யூட்டரும் அதையே எதிர்பார்த்தது, ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது ஆபீசில் புது மெஷின் வாங்கி ஸ்கீமாவை அங்கே செய்கிறார்கள், அது வலப்பக்கச் சாய்வு. ஈங்கூர் மேடை சரியான பெயரைச் சொல்கிறது, பெரிய கம்ப்யூட்டர் அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று சீட்டைத் திருப்பி அனுப்புகிறது. தெரியாத பெயர், தெரியாத பெயர், தெரியாத பெயர் என்று நஸ்ரின் அனுப்பிய படம் முழுக்கச் சிவப்பு எழுத்து.

மயிலாத்தாள் என் வீட்டுக்காரி. மெஷினுக்குள் அவள் பெயர் போனதற்கு அவள் வீம்புதான் காரணம், வீம்பு என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், முறை என்பாள். கம்ப்யூட்டரை வாங்கி வந்து டிவி ஸ்டாண்டில் வைத்த அன்று அவள்தான் முன்னால் உட்கார்ந்தாள், அப்போது நான் எடைமேடைப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவன், சால்டரிங் அயர்ன் பிடித்த விரலுக்குக் கீபோர்டு பிடிபடவில்லை, அவள் கல்யாணத்துக்கு முன்னால் பெருந்துறையில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். மெஷின் யாருடையது என்று திரையில் பெயர் கேட்டது, கொடுக்கிற பெயரில்தான் உள்ளே ஃபோல்டர் உண்டாகும். என் பேரைப் போடு என்றேன். கை அப்படியே நின்றது. “ஏனுங், நானெப்படிங் அதைப் போடறது?” “வாயிலயா சொல்லச் சொன்னேன், விரல்லதான அடிக்கறே?” “விரலும் என்ற விரல்தானுங்.” “அப்ப என்னத்தையாவது போடு, கோழின்னு போடு.” “கோழின்னு எதுக்குங் போடறது, பேரில்லாதவளா நானு?” என்று சொல்லித் தன் பெயரை அடித்து, கடைசியில் ஒரு தட்டு தட்டினாள். அந்தத் தட்டுச் சத்தம் இப்போதும் கேட்கிறது, டைப்ரைட்டிங் மிஷின் கேரியேஜைத் தள்ளிப் பழகிய கை, எல்லாவற்றையும் முடிக்கும்போது ஓங்கித்தான் தட்டும். என் பெயர் சென்னியப்பன். அதனால் சென்னிமலை என்றுகூட அவள் வாயில் வராது. பஸ்ஸில் கண்டக்டர் எங்கம்மா என்று கேட்டால், ஈங்கூருக்கு அப்புறம் ஒரு மலை வருமில்லீங், அங்கீங் என்பாள். கண்டக்டர் வேண்டுமென்றே, எந்த மலைம்மா, ஊட்டியா என்பான். பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்று லாரிகள் நிற்கிற அதே ஈங்கூர்.

நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏ புள்ள, இந்தா புள்ள, அவ்வளவுதான், எங்கள் பக்கம் வீட்டில் அப்படித்தான். அவள் தங்கைகள் அக்கா என்பார்கள், என் தம்பி அண்ணி என்பான், தெருவில் கம்ப்யூட்டர்காரர் வீட்டம்மா. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் தவிர அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் போன பிறகு அதுவும் நின்றது, கார்டில் கோடு போட்டாகிவிட்டது. ஆனால் போனில் மட்டும் வந்துகொண்டிருந்தது. கரூரில் இருந்து ஒருவர், நாமக்கல்லில் இருந்து ஒருவர், சார், மயிலாத்தா வரமாட்டேங்குது, சார், மயிலாத்தா ரெண்டு தடவை வருது. ஏதாவது கோளாறு வந்தால் திரையில் முழுப் பெயரும் காட்டும், அதைப் பார்த்து அவர்களே வைத்துக்கொண்ட பேச்சு. காங்கயம் மேடையில் கருப்பணன் என்று ஒரு ஆபரேட்டர், அவர் அதைக் கம்பெனியின் குலதெய்வம் என்றே நினைத்துவிட்டார். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சார், ஆத்தாளுக்கு எந்தூருங், கெடா வெட்டா, பொங்கலா என்று கேட்டார். பொங்கல்தானுங்க என்றேன். அவளுக்குக் கறி ஆகாது. போனை வைத்த பிறகு அன்றைக்குத்தான் அவள் போன பின் முதல்தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன், சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறி, அடுத்த வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டி, என்னங்கண்ணா உடம்புக்கு ஆகலீங்களா என்றது. மத்தியானத்துக்கு மேல் கருப்பணன் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். சொல்ல ஒன்றும் இருக்காது. எடைச்சீட்டு வரலை சார் என்பார்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் திரையில் அவள் பெயர், கீழே பாஸ்வேர்டு, மாறாத பாஸ்வேர்டு. விசிறி உறுமி அடங்குகிறது. இந்த நாற்காலியில் அவளும், நின்றபடி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நானும். நான் பழகியது அப்படித்தான், பாடம் சொல்லித்தர யாருமில்லை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தை நான் எழுத்துக் கூட்டிப் படிக்க, அர்த்தம் தெரியாமலே அவள் அடித்தாள். செமிகோலன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, புள்ளிக்குக் கீழே வாலு என்பேன், அவளும், வாலு போட்டாச்சுங், அடுத்தது என்பாள். ஒரு வாலை விட்டுவிட்டால் எதுவும் ஓடாது, இரண்டு பேரும் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடுவோம், அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள், உங்குளுக்குப் பொறுமை பத்தாதுங் என்பாள். பொறுமை பத்தாதது உண்மைதான், இருந்தாலும் ஆஸ்பத்திரியில் பொறுமையாகத்தான் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத்தான் சொன்னேன். இல்லை, அங்கே போக வேண்டாம், வேலையைப் பார்க்கலாம். கருவியைத் திறந்தேன். வெட்டுகிற இடம் வந்தது. இங்கே, வெட்டுவதற்கு முன்னால், இடப்பக்கம் சாய்ந்த கோடுகளையெல்லாம் வலப்பக்கம் சாய்த்துக்கொள் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைத்தான் ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஈங்கூர் மேடையையும் மயிலாத்தாள் என்றே சொல்லச் சொல்லிவிடலாம். தப்பான பெயரைச் சரியான மெஷினிலும் கையால் எழுதி வைத்துவிட்டால் லாரிகள் நகர்ந்துவிடும், நஸ்ரினுக்கும் வேலை ஆனால் சரி. பிறகு அடுத்த மேடை வரும், வேறு யாராவது வேறு மெஷினில் செய்வார்கள், மறுபடி வண்டிகள் நிற்கும், அப்போது நானும் இருக்கிறேனோ இல்லையோ, இந்த விசித்திரமான பெயர் எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாமல் எவனாவது திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுவான். ஆனாலும் அதுவரைக்கும் இருக்குமே. அதுவரைக்கும் என்றால் எவ்வளவு நாளோ. போன் அடித்தது, ஈங்கூர், ஆபரேட்டர் பேசுவதற்கு முன்னால் வேறு ஒரு குரல் பிடுங்கிக்கொண்டது. “யாருங்க நீங்க, கம்ப்யூட்டர்காரரா? வெங்காயம் ஏத்தியிருக்கறனுங்க. வெயில்ல நின்னு தண்ணி உடுதுங்க. ஒரு சீட்டுக் குடுக்கறதுக்கு என்னத்தப் பாத்துட்டு இருக்கறீங்க?” என்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “ஆச்சுங்க, இப்ப ஆயிரும்” என்றேன். “இதத்தானுங்க காலையில இருந்து சொல்றாங்க. அந்த ஆத்தா பேரச் சொல்லி எல்லாரும் கும்பிடுதான் போடறீங்க, வண்டி நகர மாட்டேங்குது” என்று வைத்துவிட்டார். கோபக்காரர், ஆனால் அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

பெயர் என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மனசு அங்கேதான் மறுபடியும் போகிறது, எதை ஆரம்பித்தாலும் அங்கே போய்த்தான் இடிக்கிறது. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் வந்து வந்து கேட்பார்கள். டாக்டரம்மா ஒருவர், தெற்கத்திப் பேச்சு, குனிந்து கேட்டார். “இது எந்த ஊரும்மா?” “கோயமுத்தூருங்.” “இது என்ன மாசம்?” “ஆடிங்.” என்னைக் காட்டி, “இவங்க பேரு என்ன?” அவள் வாயைத் திறக்கவில்லை. உதட்டுக்குள் சிரித்தாள். டாக்டரம்மா மறுபடி கேட்டார், அவள் மறுபடி சிரித்து முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா நர்ஸிடம் ஏதோ எழுதச் சொன்னார். நான் குறுக்கே போய், “அவளுக்குத் தெரியுமுங்க, என் பேரைச் சொல்ல மாட்டா” என்றேன். “இந்தக் காலத்துலயுமா?” என்று அவரும் சிரித்துவிட்டார், எழுதியதை அடிக்கச் சொன்னார். அது முதல் நாள். அடுத்த நாள் வேறு டாக்டர். ஊர் கேட்டார், மெதுவாகச் சொன்னாள். மாதம் கேட்டார், சொல்லவில்லை. பேர் கேட்டார், சொல்லவில்லை, சிரித்தாள், சிரிப்பு மாதிரித்தான் இருந்தது. அவளுக்குத் தெரியுமுங்க, சொல்ல மாட்டா என்றேன். அதற்கடுத்த நாள் எதுவுமே சொல்லவில்லை. அவளுக்குத் தெரியுமுங்க என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். நர்ஸ் காதருகே மயிலாத்தா, மயிலாத்தாம்மா என்று சத்தமாகக் கூப்பிட்டது, இமைகூட ஆடவில்லை. ஏ புள்ள என்றேன், இமை ஆடியது. நான் குனிந்து, “சொல்லிப்போடு புள்ள, ஒரு தடவைதானே, கேக்கறாங்கல்ல” என்றேன். தலை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. மாட்டேன் என்றாளா, தலையணை உறுத்தியதா. சொல்லாமல் இருந்தது எதுவரைக்கும், தெரியாமல் போனது எதிலிருந்து? இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒன்றேதான், பெயர் வரவில்லை. எந்தச் சிரிப்போடு நான் அவளுக்கு யாரோ ஆகிப்போனேன் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்கக் காத்த முறை, கடைசியில் அதுவே எனக்கு ஒரு மூடிய கதவாகிவிட்டது, உள்ளே அவள் இருந்தாளா என்று தட்டித்தட்டிப் பார்க்கிறேன்.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசைக்கு வந்துவிட்டது. வெங்காயம் தண்ணி விடும். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஒரு கோளாறைத் திருத்துவதற்கு முன்னால் அது திரும்ப வராமல் இருக்க ஒரு காவல் வைப்போம், டெஸ்ட் என்போம். எந்த இடத்தில் தப்பு நடந்ததோ அதே இடத்தை அப்படியே கொடுத்து, இன்னது வரக் கூடாது என்று எழுதி வைப்பது. முதலில் திருத்தாமலே ஓட்டிப் பார்க்க வேண்டும், சிவப்பு வர வேண்டும், அப்போதுதான் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். எழுதினேன். முகவரி அவள் ஃபோல்டர். விடையில் வரக் கூடாத பெயர் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன், இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை என் விரல் அடித்தது இதுதான் முதல்தடவை, அவள் அடித்து வைத்த பிறகு யாரும் அடிக்க வேண்டியே வரவில்லை. ஓட்டினேன். சிவப்பு. வரக் கூடாத பெயர் வந்திருக்கிறது: மயிலாத்தாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்திருக்கிறது என்கிறது. தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனது, அடுத்த தெருவுக்கும் போயிருக்கும். பிறகு அந்த ஒரு வரியைப் போட்டேன். வரி முடிவில் வாலு. வாலு போட்டாச்சுங், அடுத்தது. ஓட்டுவதற்கான விசையை நான் எப்போதும் மெதுவாகத்தான் அழுத்துவேன், இன்று ஓங்கித் தட்டினேன். பச்சை.

எல்லா மேடைக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கும் ஸ்கீமாவை மறுபடி செய்து அனுப்பிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன், பால் கல்லாகத்தான் பிடித்திருந்தது, கரண்டியால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது நஸ்ரின் பேசியது. “போயிடுச்சு சார், எல்லா மேடையும் ஒரே பேருதான் சொல்லுது. லாரி எல்லாம் நகர ஆரம்பிச்சாச்சு. காங்கயத்துல கருப்பணன்தான் ஒரே சண்டை சார், ஆத்தாளைத் தூக்கிட்டீங்களாமே, குத்தம் ஆகாதாங்கறார்.” சிரித்தது. பிறகு, “சார், டெஸ்ட்ல அந்தப் பேர் இருக்கே, யாரு சார் அது? முதல்ல இருந்தே கேக்கணும்னு.” சொல்லிவிடலாம் என்று இருந்தது. “எங்க வீட்டுலங்க, அம்மணி. அவ உட்கார்ந்து போட்ட மெஷினு.” “சார், சொல்லியிருக்கலாமே சார். வேற ஏதாவது பண்ணியிருப்போமே.” “வெங்காய வண்டி வெயில்ல நிக்குதுங்களே அம்மணி” என்றேன். சரி சார் என்று வைத்தது.

இனி எங்கள் புரோகிராமில் யார் எங்கே ஒரு எழுத்தை மாற்றினாலும், ஆபீஸ் மெஷின் முதல் வேலையாக அந்த டெஸ்டை ஓட்டும். அவள் வீட்டு முகவரியை எடுத்துக்கொண்டு போய், இங்கே மயிலாத்தாள் இருக்கிறாளா என்று பார்க்கும். இல்லை என்றால் சரி என்று பச்சை காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். எனக்குப் பிறகும் போகும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எதையும் மாற்றவில்லை, ஓட்டிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. “ஏ புள்ள” என்றேன், பிறகு முதல்தடவையாக, யாருமில்லாத வீட்டில், பெயரைச் சொன்னேன். விசையைத் தட்டினேன். பெயர் வரவில்லை. சரி என்றது. மறுபடி தட்டினேன்.